செஞ்சு காட்டுங்க

அம்மாவைப் பற்றி எழுதுவதென்றால் அவள் இடது கையைப் பற்றித்தான் எழுத வேண்டும். மற்றதெல்லாம் எல்லா மருத்துவர்களுக்கும் பொது.

அவள் பொது மருத்துவர். வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தொண்டை. மீதியில் பாதிப் பேருக்குத் தோல். எஞ்சியவர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், விடுப்புக்குச் சான்றிதழ். மேல்படிப்பு படித்திருந்தால் உடம்பில் ஏதாவது ஒரு துண்டை மட்டும் பார்த்துக்கொண்டு காலம் தள்ளியிருக்க வேண்டும் என்பாள். அது உண்மையான காரணமா, நான் பிறந்தது காரணமா என்று நான் கேட்டதில்லை.

கிளினிக் இரண்டு அறை. பக்கத்தில் சாவி வெட்டும் கடை. அங்கே இயந்திரம் கிறீச்சிட்டால் இங்கே ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முன்னறையில் இரண்டு பெஞ்ச், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் சீட்டக்கா. வருகிறவர்களுக்கு எண் எழுதிய அட்டைச் சீட்டைக் கொடுப்பவள். அவளுக்கு வேறு பெயர் உண்டு. தெருவில் யாருக்கும் அது தெரியாது. அவளிடம் சிபாரிசு செல்லாது. காய்ச்சலில் கொதிக்கும் குழந்தைக்கும் மூச்சு வாங்கும் வயதானவருக்கும் மட்டும் சீட்டு இல்லை, நேரே உள்ளே. உள்ளறையில் ஜன்னலைப் பார்த்தபடி நோயாளியின் நாற்காலி. டார்ச் வெளிச்சத்தில் எல்லாத் தொண்டையும் சிவப்பாகத்தான் தெரியும், பகல் வெளிச்சம்தான் பொய் சொல்லாது என்பது அம்மாவின் கட்சி.

தொண்டை வலி என்று வருகிறவரிடம் அவள் முதலில் வாயைத் திறக்கச் சொல்ல மாட்டாள். மூக்கு ஒழுகுகிறதா, இருமல் இருக்கிறதா என்று கேட்பாள். இரண்டும் இருந்தால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்: வைரஸ், தானாகப் போகும், உப்புப் போட்ட வெந்நீரில் கொப்புளித்தால் போதும். பிறகு தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் விரல்களால் தடவிப் பார்ப்பாள். அங்கே நெறி கட்டி, தொட்டால் வலித்து, காய்ச்சலும் இருந்து, இருமல் மட்டும் இல்லையென்றால் அவள் பேச்சு குறையும். அப்புறம்தான் வாய். டான்சிலில் சீழ்ப் புள்ளிகள் இருந்தால் ஆன்டிபயாட்டிக், குறித்த நாள்வரை. நடுவில் நிறுத்தினவர்கள் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

மாத்திரை இல்லாமல் திரும்புவது பலருக்கும் பிடிக்காது. உப்புத் தண்ணீரைச் சொல்வதற்கு ஒரு டாக்டரா என்று முன்னறையில் முணுமுணுப்பார்கள். சீட்டக்கா தலையை நிமிர்த்தாமலே பதில் வைத்திருப்பாள். மாத்திரைதான் வேண்டுமென்றால் மருந்துக் கடை எதிர்ப்பக்கம், வைத்தியம் வேண்டுமென்றால் பெஞ்ச் இந்தப் பக்கம்.

நாக்கை அழுத்த அம்மா வைத்திருந்தது உலோகத் தகடு. 'ட' என்ற எழுத்தைப் போல வளைந்தது. ஒரு பக்கம் நாக்குக்கு, மறுபக்கம் பிடிக்க. நாக்குத் தகடு என்று வீட்டில் சொல்வோம். கிளினிக் தொடங்கியபோது, ஓய்வுபெற்ற ஒரு மருத்துவரிடமிருந்து மேசை, எடை இயந்திரம் எல்லாவற்றோடும் சேர்த்து வாங்கியது. தினமும் சீட்டக்கா தகடுகளைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து, துணி மூடிய தட்டில் அடுக்கி உள்ளே வைப்பாள்.

குளிர்ந்த உலோகம் பட்டால் குழந்தைகள் நாக்கை இழுத்துக்கொள்ளும், குமட்டும், அப்புறம் அன்றைக்கு அந்த வாய் திறக்காது. அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். தகட்டின் பிடியை இடது கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்காருகிறாய், அவன் நல்லவனா, உன் பென்சிலை எடுப்பானா. பேசி முடிக்கும்போது தகடு வெதுவெதுப்பாகியிருக்கும் என்பது அவள் நம்பிக்கை. எல்லா நோயாளிக்கும் இப்படித்தான். மீசை வைத்தவர்களுக்கும்.

நான் உலோகப் பொறியியல் படித்தேன். படிக்கிற காலத்தில் ஒருமுறை கணக்குப் போட்டுச் சொன்னேன். கைச்சூடு பிடியிலிருந்து வளைவைத் தாண்டி நுனிக்குப் போக அவள் தரும் நேரம் போதாது. ஏறினால் ஓரிரண்டு டிகிரி.

"அந்த ஓரிரண்டு டிகிரியிலதாண்டி கொழந்தை வாயைத் தொறக்குது" என்றாள்.

தோலுக்கு அவள் முறை வேறு. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சொறிந்து சொறிந்து தோல் தடித்துப்போன குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிலர் கரப்பான் என்பார்கள், சிலர் எக்ஸிமா என்பார்கள். எந்தப் பெயர் சொன்னாலும் அரிப்பு ஒன்றுதான் என்பாள். குளித்த ஈரம் காய்வதற்குள் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு, சிவந்து கிளம்பும் நாட்களில் மட்டும் ஸ்டீராய்டு களிம்பு. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பயந்து, கடுகளவு தொட்டு வைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகத் தன் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடுவரை குழாயைப் பிதுக்கிக் காட்டுவாள். விரலோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு இவ்வளவு. குறைத்தால் புண் ஆறாது, கூட்டினால் தோல் மெலியும்.

பெரியவர்களுக்குக் கையில் வருகிற எக்ஸிமாதான் அவளுக்குப் பிடித்தது. என்ன வேலை என்று கேட்டால் பதில் ஒரு சொல்லில் முடிந்துவிடும். அந்தச் சொல்லில் எதுவும் தெரியாது. அதனால் கேட்க மாட்டாள். "செஞ்சு காட்டுங்க" என்பாள். முடிதிருத்துபவர் எழுந்து நின்று காற்றில் ஒரு கற்றையை விரலிடுக்கில் பிடித்து வெட்டுவார். ஷாம்பு நீர் நாள் முழுக்கத் தங்குகிற அந்த இடுக்கில்தான் தோல் உரிந்திருக்கும். மோட்டார் மெக்கானிக் இல்லாத வண்டிக்கு அடியில் கையை விட்டு இல்லாத நட்டைத் திருகுவார். அம்மா முகத்தைப் பார்க்க மாட்டாள். எந்த விரல் எதன்மேல் படுகிறது என்று மட்டும் பார்ப்பாள். முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தால் உள்ளே ஊமை நாடகம். சீட்டக்கா அடுத்த ஆளிடம், இருங்கள், உள்ளே கூத்து இன்னும் முடியவில்லை என்பாள்.

அப்படி வந்தவர்தான் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த உணவகத்தின் சமையல்காரர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மூன்றின் நுனியும் வெடித்து நீர் கசிந்து, மேலே மஞ்சள் பொருக்கு. பாத்திரம் கழுவும் சோப்பு என்று அவரே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். செய்து காட்டச் சொன்னாள். வலது கையில் கத்தி. இடது கையின் மூன்று விரல் நுனியும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு எதையோ பிடித்தன. அது என்ன என்றாள். பூண்டு என்றார். அவர் வாயிலிருந்தே பதில் வந்துவிட்டது.

பூண்டைத் தொடாமல் இருப்பது அவர் பாடு. ஆனால் மஞ்சள் பொருக்கு வேறு விஷயம், கிருமி சேர்ந்துவிட்டது. அது உதிரும்வரை சமையலறைக்குள் போகக் கூடாது என்றாள். அவர் மல்லுக்கு நின்றார். அம்மா உணவக முதலாளிக்கே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். கை ஆறி அவர் வேலைக்குத் திரும்பினார், கையுறை போட்டுப் பூண்டு நறுக்கினார். அம்மாவிடம் தொடர்ந்து வந்தார். அந்தத் தொலைபேசிப் பேச்சை மட்டும் மறக்கவில்லை.

அம்மாவின் கை கெட ஆரம்பித்தது நான் வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு. இடது கட்டைவிரலின் சதை, ஆள்காட்டி விரலின் பக்கம், உள்ளங்கையில் ஒரு பட்டை. முதலில் வறட்சி, பிறகு அரிப்பு, பிறகு வெடிப்பு. ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு கை கழுவுகிறேன், சோப்பு தின்கிறது என்றாள். மருத்துவர்களுக்கு அது சகஜம்தான். சோப்பென்றால் வலது கை ஏன் நன்றாக இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். வலது கை தேய்க்கிற கை, இடது கை தேய்படுகிற கை என்றாள். அப்போது அது விளக்கம் போலவே இருந்தது.

என் வீட்டுக்கு வந்து தங்கினால் ஒரு வாரத்தில் கை தேறிவிடும். பார்த்தாயா, கை கழுவுகிற வேலை இல்லை என்பாள். திரும்பிப் போனதும் மறுபடி வெடிக்கும். கை கழுவாத வாரத்தில் அவள் வேறு எதையெல்லாம் தொடவில்லை என்று நாங்கள் யோசிக்கவில்லை. இரண்டு காரணங்கள் ஒன்றாக விடுப்பு எடுத்தால் எது குற்றவாளி என்று தெரியாது. தோல் மருத்துவரிடம் போகச் சொன்னேன். அவரும் சோப்பு என்றுதான் சொல்வார், அதற்கு ஒரு நாள் கிளினிக்கை மூட வேண்டுமா என்றாள். மேசை இழுப்பறையில் ஒரு ஸ்டீராய்டு குழாயை வைத்துக்கொண்டு, கடுகளவு தொட்டு வைத்துக்கொண்டாள். மற்றவர்களுக்குச் சொன்ன முதல் கோடு அவள் விரலுக்குப் பொருந்தவில்லை.

அந்த ஆண்டு பள்ளி திறந்ததும் தெருத் தெருவாகத் தொண்டை. பெஞ்ச் போதாமல் சாவிக் கடை வாசல்வரை நின்றார்கள். அம்மாவின் கை மோசமானது. கசிந்தது. அவள் விரல்களில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வேலை பார்த்தாள். ஒரு நாள் காலை, சமையல்காரர் தொண்டை வலி என்று வந்து உட்கார்ந்தார். அன்று நடந்ததைச் சீட்டக்கா கதவோரம் நின்று முழுதும் கேட்டிருக்கிறாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அம்மா தகட்டைக் கையில் பொத்திக்கொண்டு வாயைத் திறக்கச் சொன்னாள். அவர் திறக்கவில்லை.

"மொதல்ல அந்தக் கையைக் காட்டுங்க டாக்டரம்மா. அப்புறம் நான் வாயைக் காட்றேன்."

அம்மா காட்டவில்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை. கடைசியில் தகட்டைக் கீழே வைத்துவிட்டுப் பிளாஸ்திரியைப் பிரித்தாள். ஓரமெல்லாம் மஞ்சள் பொருக்கு.

"எனக்கு இருந்துச்சே, அதேதான். அன்னிக்கு என்னை அடுப்புப் பக்கமே போகக் கூடாதுன்னு மொதலாளிக்கே போன் போட்டீங்க. எனக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

அம்மா பிளாஸ்திரியைத் திரும்பச் சுற்றப் போனாளாம். அவர் விடவில்லை. எழுந்துகொண்டே கேட்டிருக்கிறார்.

"சரி, நீங்க எந்தப் பூண்டை உரிக்கறீங்க?"

அவருக்கு மூக்கு ஒழுகியது, இருமலும் இருந்தது. தொடாமலே வைத்தியம் சொல்லி அனுப்பினாள். பிறகு சீட்டக்காவை அழைத்து, பெஞ்சில் இருப்பவர்களை அடுத்த தெரு டாக்டரிடம் அனுப்பச் சொல்லிவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சீட்டக்கா எனக்குத் தொலைபேசியில் பேசினாள். அப்போது எனக்கு நாற்பதை எட்டும் வயது. அவளுக்கு நான் இன்னும் பாப்பா.

"பாப்பா, உங்கம்மா கடையைச் சாத்திட்டாங்க. நீ வந்தாத்தான் தொறப்பாங்க."

நான் போனபோது பொருக்கு உதிர்ந்திருந்தது. தனக்குத் தானே ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொண்டு குறித்த நாள்வரை சாப்பிட்டிருந்தாள். ஆனால் அடியில் எக்ஸிமா அப்படியே. அம்மா தெளிவாக இருந்தாள். திரும்பப் போனால் திரும்ப வெடிக்கும், வெடித்தால் கிருமி சேரும், அந்தக் கையோடு குழந்தை வாயில் எதையும் வைக்க முடியாது. சாவிக் கடைக்காரர் கடையை விரிவாக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். கேட்டும்விட்டார். கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன் என்று, யாரோ ஒருவரின் பரிசோதனை முடிவைப் படிப்பது போலச் சொன்னாள்.

கிளினிக் இல்லாத அம்மாவை நான் பார்த்ததில்லை. அப்பா இறந்த வாரம்கூடக் காரியங்கள் முடிந்த மறுநாள் போய்விட்டாள். அன்று பார்த்தேன். சாப்பாட்டு மேசை எதிரே உட்கார்ந்து, செய்தித்தாளின் மடிப்பை நகத்தால் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாள். வாசிக்கவில்லை.

சமையல்காரர் கேட்டதைப் பற்றி அவளே பேச்செடுத்தாள். முதல் கேள்விக்கு அவள் தன்னிடமே பதில் சொல்லிவிட்டாள், அதனால்தான் மூடினாள். இரண்டாவது கேள்வியை வாய்க்கொழுப்பு என்று தள்ளிவிட்டிருந்தாள். எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் சரியாகப் பட்டது.

"செஞ்சு காட்டும்மா" என்றேன்.

"என்னத்தை?"

"உன் வேலையை. கை கழுவறதை விட்டுட்டு, மத்ததை."

"ஏண்டி, வந்தவங்களை ஆட வச்சேன்னு என்னையே ஆட விடறியா?"

சிரித்தாள். ஆனால் செய்தித்தாளை நகர்த்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இல்லாத குழந்தையை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். வலது கையால் நாடி பார்த்தாள். ஸ்டெதாஸ்கோப்பை மாட்டினாள், முதுகில் வைத்தாள், எடுத்தாள். இரண்டு கையாலும் தாடைக்குக் கீழே தடவினாள். எழுதினாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தேன். எதிலும் இடது கட்டைவிரலின் சதைக்கு வேலையே இல்லை. பிறகு தட்டின் துணியை விலக்கினாள். இடது கை எதையோ எடுத்து மூடிக்கொண்டது. கட்டைவிரல் மேலே அழுந்தியது.

"ஸ்கூல்ல யாரு பக்கத்துல உக்காருறே?" என்று கேட்டாள். "உன் பென்சிலை எடுப்பானா?"

கை மூடியபடியே இருந்தது. எதிரே நாற்காலியில் யாரும் இல்லை. பேச்சு நின்றது. அவள் கையைத் திறந்து பார்த்தாள். உள்ளங்கைப் பட்டை, விரலின் பக்கம், கட்டைவிரலின் சதை. வெடிப்பு தகட்டின் அச்சு போலக் கிடந்தது.

"கொதிக்க வச்சதாச்சே" என்றாள்.

வேறு யாரும் செய்ய முடியாத, மருத்துவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. கிருமி இல்லாத பொருள் குற்றமில்லாத பொருள் என்று அவர்கள் கை பழகியிருக்கிறது. சமையல்காரர் தொடும் பூண்டை, மெக்கானிக் தொடும் கிரீஸை, முடிதிருத்துபவர் தொடும் நுரையை அவள் சந்தேகித்தாள். தன் கையிலிருந்த பொருள் ஆவி பறக்க வெளியே எடுக்கப்பட்டது. அதைச் சந்தேகிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பிறகு வலது கையால் தன் காதைத் தொட்டாள். இளம் வயதில் மலிவான கம்மல் போட்டுக் காது புண்ணாகி நீர் வடிந்ததால், அவள் காதில் எதுவுமே போட்டதில்லை. எளிமை என்று ஊர் பேசிக்கொண்டது. நிக்கல் ஒத்துக்கொள்ளாது என்று அவளுக்குத் தெரியும். காதுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

நான் முலாம் பூசும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நிக்கல் இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு கரைசல் உண்டு. பஞ்சில் நனைத்துப் பொருளின்மேல் தேய்த்தால், நிக்கல் கசிகிற இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். உடன் வேலை பார்ப்பவரிடம் சொல்லிப் பேருந்தில் ஒரு சின்னப் புட்டியை அனுப்பச் செய்தேன். சீட்டக்கா கிளினிக்கைத் திறந்துவிட்டாள். மூடிய அறைக்கே உரிய வாடை.

முதலில் ஸ்டெதாஸ்கோப். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. கத்தரிக்கோல், பேனாவின் கொக்கி, கதவின் கைப்பிடி, தட்டு. ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாக்குத் தகடு. பஞ்சு நிறம் மாறியது.

"ரத்தமா பாப்பா அது?" என்றாள் சீட்டக்கா.

நிக்கல் என்றேன். அம்மா எல்லாத் தகட்டையும் தேய்க்கச் சொன்னாள். எல்லாப் பஞ்சும் ஒரே நிறம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அவள் ஸ்டீல் என்று நினைத்திருந்தது பித்தளை. மேலே நிக்கல் முலாம். பல ஆண்டு சோடா உப்பும் கைவியர்வையும் அதை அரித்து, விளிம்புகளில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. ஆலையில் இப்படி ஒரு பொருள் வந்தால் கேள்வி கேட்காமல் ஒதுக்கிவிடுவோம். நான் சின்ன வயதிலிருந்து பார்த்த தகடுகள். நானும் அதுவரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்ததில்லை.

சீட்டக்காவுக்கு முகம் செத்துப்போனது. கொதிக்க வைத்தது அவள்தான்.

"நீ கிருமியைக் கொன்னே. இது கிருமி இல்ல. உன் மேல என்ன தப்பு?" என்றாள் அம்மா. பிறகு ஒரு தகட்டை எடுக்கப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

இப்போது தோல் மருத்துவரிடம் போனாள். முதுகில் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் தடவிய சின்னச் சின்ன ஒட்டுகளை ஒட்டி அனுப்பினார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது சோப்புக்கான கட்டம் சும்மா இருந்தது. நிக்கல் கட்டம் சிவந்து, நீர்க் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. அம்மா என்னைப் படம் எடுக்கச் சொன்னாள். தன் முதுகை வேறு யாருடையதோ போல வெகுநேரம் பார்த்தாள். நல்ல கேஸ் என்றாள்.

நாக்கை அழுத்த மரக் குச்சிகள் வந்தன. தகடுகளைச் சாவிக் கடைக்காரர் பழைய உலோகத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். அவருக்கு அறை கிடைக்கவில்லை. ஒரே ஒரு முறை, மேலே குரோமியம் பூசினால் சரியாகிவிடாதா என்று அம்மா என்னிடம் கேட்டாள். சரியாகாது என்று சொல்லவில்லை. எவ்வளவு காலம் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றேன்.

கை முழுதாக ஆறும்வரை காத்திருந்துதான் திறந்தாள். திறந்த வாரத்தில் சமையல்காரர் வந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை. பூண்டு கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றாள். கையைக் காட்டச் சொன்னார். இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். வெளியே போய், இதற்கும் சீட்டு வாங்க வேண்டுமா என்று சீட்டக்காவிடம் வம்பு வளர்த்ததாகக் கேள்வி.

மரம் குளிராது. பொத்தி வைக்கத் தேவையில்லை. ஆனாலும் குச்சியை எடுத்ததும் அவள் இடது கை மூடிக்கொள்ளும், பேச்சு ஆரம்பிக்கும். சில குழந்தைகள் குச்சியைக் கடித்து இரண்டாக்கிவிடுவார்கள். அவள் அடுத்ததை எடுத்து மூடிக்கொள்வாள். அப்படிப் பல ஆண்டுகள். கட்டைவிரலில் ரேகை திரும்ப வந்தது. வெடிப்பு இருந்த இடம் இது என்று சொன்னால்தான் தெரியும்.

இந்த ஆண்டு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. மருத்துவமனையில் கண்களால் எல்லாவற்றையும் கவனித்தபடி கிடந்தாள். சொட்டு வேகத்தைப் பார்த்தாள். செவிலி கை கழுவினாளா என்று பார்த்தாள். இடது கை மட்டும் போர்வைக்கு மேலே இருந்தது.

விழுங்க முடிகிறதா என்று சோதிக்க ஓர் இளம் மருத்துவர் வந்தார். தட்டிலிருந்து எடுத்தது உலோகத் தகடு. 'ட' வடிவம். அவர் குனிந்தபோது அம்மாவின் இடது கை எழுந்து அதைப் பிடித்தது. தடுக்கிறாள் என்று நினைத்து அவர் என்னைப் பார்த்தார்.

"குடுங்க டாக்டர்" என்றேன். "அவங்களும் டாக்டர்தான்."

கொடுத்தார். அம்மா பிடியைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் மேலே அழுந்தியது. இளம் மருத்துவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. அவர் பொறுமையாக நின்றார். அவள் விரல்களுக்கு வெளியே தெரிந்த விளிம்பில் முலாம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. நான் பார்த்தேன். அவளும் பார்த்திருப்பாள், ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது. வேண்டிய நேரம் வைத்திருந்துவிட்டு அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். வாயைத் திறந்தாள்.

அதற்கு இரண்டாம் நாள் போய்விட்டாள்.

துடைத்துவிடும் வேலையைச் செவிலியிடமிருந்து நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முகம், கழுத்து, வலது கை. இடது கையைக் கடைசியாக எடுத்தேன். கட்டைவிரலின் சதையில், ஆள்காட்டி விரலின் பக்கத்தில், உள்ளங்கைப் பட்டையில், பொடிப்பொடியாகப் புது நீர்க் கொப்புளங்கள். பஞ்சு கையில் இருந்தது. கரைசல் தேவைப்படவில்லை.